கூஜா நீரும் கண்ணாடித் தொட்டி மீனும்

மேசைமேல் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி. உள்ளே இருபது லிட்டர் நீர், சிறிது மணல், இரண்டு நீர்ச்செடிகள், நான்கைந்து வண்ண மீன்கள். வீட்டில் மீன் வளர்ப்போர் பலருடைய தொட்டி இத்தகையதே. வாரத்திற்கு ஒருமுறை நாலைந்து லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு, அதே அளவு புதிய நீரை ஊற்ற வேண்டும். எந்த நீரை ஊற்றுவது? குழாய் நீரில் குளோரின் வாடை வீசுகிறது. கிணற்று நீரிலோ சுண்ணாம்பு மிகுதி. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிறது.

இந்நிலையில் சமையலறையிலுள்ள வடிகட்டும் கூஜாவின்மீது கண் செல்வது இயல்பே. மேல் அறையில் ஊற்றிய நீர், நடுவிலுள்ள ஒரு சிறு பெட்டியின் வழியே கசிந்து கீழ் அறையில் சேர்கிறது. மின்சாரம் தேவையில்லை, ஓசையும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கான வீடுகளில் புழங்கும் பொருள் இது. நம் வாய்க்கு இனிக்கும் அந்த நீர் மீனுக்கும் நல்லதாகத்தானே இருக்கும்?

பாதி நல்லது, மறு பாதி ஆபத்தானது. எந்தப் பாதி எது என்று அறிய, அந்தச் சிறு பெட்டி எவ்வாறு தோன்றியது என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். மீன் தொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரு வரலாறுகளும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் அருகருகே நடந்துவிட்டு, பின்னர் எதிரெதிர்த் திசையில் பிரிந்து சென்றன என்பது சுவையான செய்தி.

பெட்டிக்குள் என்ன?

கூஜாவின் நடுவிலுள்ள பெட்டியைப் பிளந்து பார்த்தால் இரண்டு பொருள்கள் கலந்திருக்கக் காணலாம். ஒன்று கறுப்புத் துகள். அது கிளர்வூட்டப்பட்ட கரி. மற்றொன்று கடுகைவிடச் சிறிய, வெளிர் நிற மணிகள். அவை செயற்கைப் பிசினால் ஆனவை. கரி ஒரு வேலையைச் செய்கிறது. பிசின் வேறொரு வேலையைச் செய்கிறது. முதலில் கரியின் கதையைக் காண்போம்.

கரியின் கதை

நீரைத் தெளிவிக்கும் கலை நமக்குப் புதிதன்று. கலங்கிய நீரைத் தெளிவிக்க, மண்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவது தமிழகத்தின் பழைய வழக்கம். மணலும் கரியும் இட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீர் வடிக்கும் முறையைப் பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். தேற்றாங்கொட்டை கண்ணுக்குத் தெரியும் கலங்கலை நீக்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதையும் கரி பற்றிக்கொள்கிறது.

கரியின் இத்திறனை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர் டோபியாஸ் லோவிட்ஸ். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்தகப் பணியில் இருந்த இவர், 1785-இல் டார்ட்டாரிக் அமிலத்தைத் தூய்மைப்படுத்த முயன்றுகொண்டிருந்தார். நம் புளியில் இருப்பதும் இதே அமிலமே. பழுப்பேறிய கரைசல் மரக்கரித் தூளோடு சேர்ந்தபோது நிறம் நீங்கித் தெளிந்ததை அவர் கண்டார்.

கரிக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. இன்று நீராவி முதலியவற்றைக் கொண்டு கிளர்வூட்டப்படும் கரியில், ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர். நிறமும் நாற்றமும் தரும் பொருள்கள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்புக் கவர்ச்சி என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கரி வடிகட்டி பொருத்திய பீங்கான் ஜாடிகள் வீடுகளில் பரவின. ஆனால் 1880-களில் பெர்சி ஃபிராங்க்லண்ட் முதலிய வேதியியலார் ஒரு குறையைக் கண்டறிந்தனர். புதிய கரி நுண்ணுயிர்களை ஓரளவு தடுத்து நிறுத்தியது. நாளடைவில் அத்திறனை இழந்தது. நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களையே உணவாகக் கொண்டு, பாக்டீரியாக்கள் கரியின் துளைகளில் குடியேறிப் பெருகின. எனவேதான் இன்றைய கூஜாக்கள் சிலவற்றின் கரியில் சிறிதளவு வெள்ளியைச் சேர்க்கிறார்கள். வெள்ளி பாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுக்கும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். வடிகட்டியில் பாக்டீரியா வளர்வது குடிநீருக்குக் குற்றம். மீன் தொட்டிக்கோ அதுவே உயிர்நாடி.

குளோரின் வந்தது

அக்கால மீன் வளர்ப்போருக்குக் குளோரின் தொல்லை கிடையாது. குழாய் நீரில் அது அன்று சேர்க்கப்படவில்லை. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகருக்குச் செல்லும் நீரில், மருத்துவர் ஜான் லீல் என்பவரின் முயற்சியால் குளோரின் தரும் சேர்மம் தொடர்ந்து கலக்கப்பட்டது. டைஃபாய்டு, காலரா ஆகிய நோய்களைக் கட்டுப்படுத்துவதில் இம்முறை பெரும் வெற்றி கண்டது, உலகெங்கும் பரவியது. குழாயின் கடைசி முனை வரை பாதுகாப்பு நீடிக்க வேண்டுமென்பதற்காக, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு கூறுகிறது.

மனிதனுக்கு இது நன்மை, மீனுக்கு நஞ்சு. நாம் நீரைக் குடிக்கிறோம். மீனோ நீரில் மூச்சு விடுகிறது. அதன் செவுள்களில் இரத்தத்திற்கும் நீருக்கும் இடையே மிக மெல்லிய தோல் ஒன்றுதான் தடுப்பு. மேற்கூறிய அளவில் பத்தில் ஒரு பங்கு குளோரின்கூட அத்தோலுக்குத் தீங்கு செய்யலாம்.

இங்கேதான் கூஜா மெய்யாகவே உதவுகிறது. கரியின்மீது படும் குளோரின், கரியோடு வினைபுரிந்து தீங்கற்ற குளோரைடாக மாறிவிடுகிறது. நீரை ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். கரி அதை உடனே செய்கிறது. செம்பு, ஈயம் ஆகியவற்றின் அளவையும் கூஜா குறைக்கிறது. இறால் வகைகளை வளர்ப்போருக்குச் செம்பு குறைவது பெரிய நன்மை.

ஆனால் சில நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் கலந்து ‘குளோரமின்’ என்ற சேர்மமாக விடுகிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே கனடாவின் ஒட்டாவா நகரில் இம்முறை கையாளப்பட்டது. இது திறந்து வைத்தாலும் எளிதில் வெளியேறாது. கரி இதை மெதுவாகவே சிதைக்கும். சிதைத்தபின் அம்மோனியா நீரிலேயே தங்கிவிடும். மீனுக்கு அதுவும் நஞ்சே.

1850: இரண்டு கட்டுரைகள்

இனிப் பிசின் மணிகளின் கதை. அது ஒரு வயலில் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாரி ஸ்டீபன் தாம்சன் என்ற நிலக்கிழார் இருந்தார். எருவிலுள்ள அம்மோனியா மழையில் கரைந்து ஓடிவிடாமல் மண்ணில் எப்படித் தங்குகிறது என்ற ஐயம் அவருக்கு. 1845 அளவில், கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை அதன் வழியே வடித்தார். அடியில் வந்தது அம்மோனியம் சல்பேட்டன்று, கால்சியம் சல்பேட்டு! மண், அம்மோனியாவை வைத்துக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்துவிட்டது. வேளாண் வேதியியலாரான ஜான் தாமஸ் வே இதை விரிவாக ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுக்கும் இப்பண்டமாற்றையே பிற்காலத்தில் அயனிப் பரிமாற்றம் என்றனர்.

அதே 1850-இல் லண்டன் வேதியியல் கழகத்தில் வேறொரு கட்டுரை படிக்கப்பட்டது. எழுதியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார். பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்று நீர் ஊற்றினார். மணலும் கூழாங்கற்களும் இட்டார். வாலிஸ்னீரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியை நட்டார். இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. உடனே ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கின; நத்தை முட்டைகள் மீனுக்கு உணவாயின. நீரை மாற்றாமலேயே தொட்டி தெளிவாக நின்றது.

இதுவே சமநிலைத் தொட்டி என்ற கருத்தின் தொடக்கம். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீனகம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லையே வீட்டுச் சொல்லாக்கியது.

தந்தை விட்ட இடத்தில் மகன்

வாரிங்டனின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. மீன் கரியமில வாயுவை மட்டும் வெளியிடுவதில்லை. செவுள்கள் வழியே அம்மோனியாவையும் வெளியிடுகிறது. அது சேர்ந்தால் மீன் மாண்டுவிடும். ஆயினும் தொட்டியில் மீன் வாழ்ந்தது. அம்மோனியாவை யார் அகற்றியது?

விடை 1877-இல் பிரான்சிலிருந்து வந்தது. ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் நீண்ட குழாயொன்றில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல வடித்தனர். இருபது நாட்கள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு வரத் தொடங்கியது. குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுபோயிற்று. எனவே இது வெறும் வேதி வினையன்று, உயிர்களின் செயல் என்பது உறுதியாயிற்று.

இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மற்றொரு ராபர்ட் வாரிங்டன். ஆம், தொட்டி அமைத்த வாரிங்டனின் மகன்தான்! அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது என்றும், இரு படிகளுக்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் காரணம் என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 1890 அளவில் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். தந்தையின் தொட்டியில் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு ஓசையின்றி உழைத்தவை இத்தகைய பாக்டீரியாக்களே.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடாதீர்கள், சில வாரம் பொறுங்கள் என்று அனுபவசாலிகள் கூறுவது இதனால்தான். ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காத்திருந்த இருபது நாட்களை நாமும் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அவ்விருவரும் குழாயில் சுண்ணாம்புக்கல்லை ஏன் கலந்தனர்? அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அதை உடனுக்குடன் ஈடுசெய்யக் காரப்பொருள் ஒன்று வேண்டும். இல்லையேல் அமிலம் ஏறி பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடும். சுண்ணாம்புக்கல் அந்த வேலையைச் செய்தது. மீன் தொட்டியில் அதைச் செய்வது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு.

கூஜாவின் பிறப்பு

வயலில் கண்ட பண்டமாற்று தொழிற்சாலைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ், செயற்கையான சிலிக்கேட்டுப் பொருளைக் கொண்டு கடின நீரை மென்னீராக்கினார். 1935-இல் பிரிட்டனில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் அயனிகளைப் பரிமாறும் செயற்கைப் பிசின்களை உருவாக்கினர். 1966-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் ஹன்காமர் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்குத் தம் மகள் பெயரையே வைத்தார்: பிரிட்டா. கார் பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீருக்கான கருவியே அவருடைய முதல் பொருள். 1970-இல் வீட்டுக்கான வடிகட்டும் கூஜாவை வெளியிட்டார்.

அதன் நோக்கம் என்ன? கடின நீரைக் கொதிக்கவைத்தால் கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புப் படலமாகப் படிகிறது. தேநீரின்மேல் ஆடைபோல் ஒரு படலம் மிதக்கிறது. இதைப் போக்கவே பிசின் மணிகள் சேர்க்கப்பட்டன. அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கின்றன. அந்த ஹைட்ரஜன் அயனி பைகார்பனேட்டோடு சேர, அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடுகிறது.

ஆக, ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் தேடிச் சேர்த்த பொருள் எதுவோ, அதையே கூஜா தேடி நீக்குகிறது! தேநீருக்கு அது கசடு. தொட்டிக்கு அது கையிருப்பு.

தொட்டியில் நிகழ்வது என்ன?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது, கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. கடினமான கிணற்று நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரத்தன்மை இருந்தால் கவலையில்லை. வடிகட்டிய நீரில் 20 மில்லிகிராம்தான் எஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். அப்போது லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜன் மாறுவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். தொட்டி சிறிதென்றால் இது விரைவிலேயே நிகழும்.

கையிருப்பு தீர்ந்ததும் பி.எச். மதிப்பு சரிகிறது. பாக்டீரியாக்கள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அம்மோனியா சேர்கிறது. அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீன்கள் உடனே மாள்வதில்லை. நீரும் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். வளர்ப்பவருக்கு ஐயமே எழாது. ஒரு நாள் கூஜாவில் நீர் இல்லையென்று கிணற்று நீரை நேரே ஊற்றுகிறார். பி.எச். சட்டென்று உயர்கிறது. தீங்கு குறைந்த அம்மோனியம், நஞ்சான அம்மோனியாவாக மாறுகிறது. மறுநாள் மீன்கள் மிதக்கின்றன. பழி கிணற்று நீரின்மேல் விழுகிறது; உண்மைக் காரணமோ பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூஜாவின் பெட்டி நூறு, நூற்றைம்பது லிட்டருக்குள் ஓய்ந்துவிடும். நீர் மிகக் கடினமாயின் அதற்கும் முன்பே. புதுப் பெட்டி தரும் நீர் மென்மையானது, சற்றே அமிலமானது. ஓயும் தறுவாயில் அதே பெட்டி தருவது ஏறக்குறையக் குழாய் நீரே. வாரந்தோறும் ஒரே கூஜாவிலிருந்து ஊற்றினாலும், ஊற்றும் நீர் ஒன்றாக இருப்பதில்லை. பல மீன்கள் கடின நீரிலும் வாழும், மென்னீரிலும் வாழும். திடீர் மாற்றத்தைத் தாங்குவதுதான் அவற்றுக்குக் கடினம்.

தொட்டியில் நாள்தோறும் சேரும் நைட்ரேட்டையும் இந்தக் கூஜா நீக்காது. ஆகவே வடிகட்டிய நீரை ஊற்றுவதால் நீர் மாற்றும் வேலை குறையும் என்று எண்ணலாகாது.

அப்படியானால் கூஜாவே வேண்டாமா?

அவ்வாறு சொல்வதற்கில்லை. அமேசான் படுகையின் மென்னீரில் வாழும் நியான் டெட்ரா போன்ற மீன்களுக்கு, நம் கடின நீரைச் சற்று மென்மையாக்க இது எளிய வழியே. ஆனால் வடிகட்டிய நீரை மட்டும் ஊற்றாமல், குளோரின் நீங்கிய சாதாரண நீரோடு ஒரே விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். கலந்த நீரை ஓர் இரவு வைத்திருந்தால், பிசின் உண்டாக்கிய கரியமில வாயு வெளியேறி பி.எச். நிலைபெறும். தொட்டி நீரின் காரத்தன்மையைச் சோதிக்கும் சொட்டு மருந்தோ தாளோ கடைகளில் கிடைக்கும். வாரம் ஒருமுறை சோதித்துக் குறித்துவைப்பது நல்லது.

கப்பி, மோலி போன்ற மீன்களை வளர்ப்போருக்கு இந்தச் சிரமமும் தேவையில்லை. அவை கடின நீரையே விரும்புபவை. குழாய் நீரில் குளோரின் மட்டுமே குறையென்றால், புகைப்படக் கலைஞர்கள் ‘ஹைப்போ’ என்று அழைக்கும் சோடியம் தயோசல்பேட்டு சில துளிகளே போதும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் இருப்பது அதுவே.

நம் ஊர் வீடுகளில் கூஜாவைவிட ‘ஆர்.ஓ.’ கருவியே மிகுதி. அது பைகார்பனேட்டை மட்டுமன்றி, ஏறக்குறைய எல்லா உப்புகளையும் நீக்கிவிடுகிறது. மேலே கூறிய எச்சரிக்கை அந்த நீருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

எதை நீக்கினால் நீர் தூயதாகும் என்பது, யாருக்காக என்பதைப் பொறுத்தது. கூஜா மனிதனின் நாக்கையும் தேநீர்ப் பாத்திரத்தையும் கருதிச் செய்யப்பட்டது. அவ்வேலையைச் செவ்வனே செய்கிறது. வாரிங்டனின் தொட்டியில் ஊற்றப்பட்டது வெறும் ஊற்று நீர். லண்டன் நகரமே சுண்ணாம்புப் பாறைப் படுகைமேல் அமைந்தது. அந்த வட்டார நீர் பெரும்பாலும் கடினமானது. அவர் உள்ளே விட்ட நத்தைகள் அந்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்தே தம் ஓட்டைக் கட்டிக்கொள்ளும்.

உங்கள் தொட்டியிலும் ஒரு நத்தை இருக்குமானால், அதன் ஓட்டை அவ்வப்போது உற்றுப் பாருங்கள். ஓடு வெளுத்து, குழிவிழுந்து, ஓரம் அரிக்கத் தொடங்கினால், நீரில் காரத்தன்மையும் சுண்ணாம்பும் குறைகின்றன என்று பொருள். மீன் நோயுறுமுன்னே நத்தை அதைச் சொல்லிவிடும்.